இருபதாவது பெயர்

வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதுவும் எவ்வளவு அழகாக, குரலில் அக்கறை வழிய, "இன்னும் வரலையே கண்ணு, வந்த உடனே நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்று. அப்படிச் சொல்வதற்கு முன்பே காதோடு ஒட்டியிருந்த போன் விர்ரென்று ஒரு தடவை அதிர்ந்துவிட்டது. கல்லூரிப் பேருந்தில் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், மணி நாலு நாற்பத்தொன்று. வசந்தாமணி மேடம், சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் துறைக்கு எச்.ஓ.டி., இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், பொய் சொல்கிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிற ஆள், இப்போது தன் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வந்தது ஓ.டி.பி., ஆறு எண்கள். நாலு, பூஜ்யம், ஏழு, ஏழு, ஒன்று, ஒன்பது. பத்து நிமிஷம்தான் செல்லும் என்று கீழேயே போட்டிருந்தது. அந்த ஆறு எண்ணும் கனிஷ்கா என்கிற பெண்ணுக்குச் சேர வேண்டியவை. அவள் திருச்செங்கோட்டில் ஒரு நெட் சென்டரில், கடைக்காரரின் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எண்ணைப் போட்டால்தான் கவுன்சலிங் பக்கத்துக்குள் போக முடியும், போனால்தான் விருப்பப் பட்டியலை மாற்ற முடியும், ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் திறக்காது. "எதுக்கு கண்ணு இப்ப உள்ள போறே?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, "முதல்ல போட்டிருக்கறதை மாத்தோணும்ங்க மேடம்" என்றாள். முதலில் போட்டிருப்பது வசந்தாமணியின் துறை.

அட கடவுளே, இன்றைக்குப் பார்த்தா! காலையிலிருந்து அவளுக்குத் தலை கால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். இருபது! நோட்டுப் புத்தகத்தில் இருபது பெயர், இருபதுக்கும் நேரே பச்சை மையில் டிக். போன மாதம் தாளாளர் தன் அறையில் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, காப்பியில் பாதி குடிப்பதற்குள் சொல்லிவிட்டார்: "மேடம், இருபது பேர் உங்க துறையை முதல் சாய்ஸா போட்டாங்கன்னா துறை இருக்கட்டும். பத்தொம்பதுன்னா பேச்சே வேண்டாம். மூடிட்டு லேப்பை டெக்ஸ்டைலுக்குக் குடுத்துடறேன்." இருபது. ஒரு காலத்தில் நூற்றிருபது இடமும் முதல் நாளே நிரம்பி, எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து சிபாரிசு வந்து, "இல்லீங்க, நிஜமாவே இடமில்லீங்க" என்று இவள் கை கூப்பிய துறை அது! இந்த முறை ஒன்பது ஆசிரியர்களும் வெயிலில் ஊர் ஊராகப் போனார்கள். ஸ்கூட்டரில், டவுன் பஸ்ஸில், நோட்டீஸ் கட்டோடு. போன இடமெல்லாம் மோர் கொடுத்தார்கள், பிள்ளையைக் கொடுக்கவில்லை. குமாரபாளையத்தில் ஒரு தறிப் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கம்ப்யூட்டருங்களா? எங்க பெரியப்பா பையன் அதைப் படிச்சுப்போட்டு இப்பக் கோழிப்பண்ணையில முட்டை அடுக்கறானுங்க. அமெரிக்காக்காரன் அவனோட வேலையைத் தூக்கி நம்மகிட்டக் குடுத்தான், இப்ப நம்மகிட்ட இருந்து தூக்கி வேற எவன்கிட்டயோ குடுக்கறான். ஓடற தண்ணியில எம் பொண்ணை எதுக்குங்க இறக்கறது?" மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள். அப்படியெல்லாம் அலைந்து சேர்த்த இருபது. பக்கத்து சீட்டில் பிரபாவதி, துறையிலேயே சின்னவள், மடியில் ஜாங்கிரி டப்பா. அஞ்சு மணி அடித்ததும் பிரிக்கலாம் என்று அவளே பேக்கரியில் வாங்கி வந்தது. "மேடம், மணி எவ்வளவுங்க?" என்கிறாள். "இருக்கு, இருக்கு" என்றாள் வசந்தாமணி. நாலு நாற்பத்து மூன்று.

சொல்ல வேண்டாம், அவ்வளவுதானே. எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சிக்னல் இல்லை என்று நாளைக்குச் சொன்னால் யார் மறுப்பார்கள், இந்த ரோட்டில் சிக்னல் இருந்ததாக யாராவது சொல்லியிருக்கிறார்களா? அதுவும் இது அவள் திட்டம் போட்டுச் செய்ததா என்ன? மே மாதம் கல்லூரி அரங்கத்தில் விண்ணப்ப முகாம், மின்விசிறி காற்று ஒரு பக்கமும் வராமல், நூறு பேர் வரிசையில். கனிஷ்காவின் அப்பா அர்த்தநாரி ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார், அவர் நம்பர் மாதத்துக்கு ஒன்று. அம்மாவின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்திருந்தது. நம்பர் போடாமல் விண்ணப்பம் நகராது. பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். "என்னோட நம்பரைப் போடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்றாள் வசந்தாமணி, சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான். அப்புறம் என்பது நம் ஊரில் எப்போது வந்திருக்கிறது! அவளுக்கும் மறந்தது, அந்த வீட்டுக்கும் மறந்தது. இன்றைக்கு ஒரு பெண்ணின் தலையெழுத்து இவள் கைப்பைக்குள், சீப்புக்கும் மாத்திரைக்கும் நடுவில் கிடக்கிறது. கைப்பைக்குள் எதற்குப் போட்டாள்? எப்போது போட்டாள்? எடுத்துப் பார்த்தாள். நாலு, பூஜ்யம், ஏழு, ஏழு. அழித்துவிட்டால்? அழித்துவிட்டால் மனசுக்குள் இருக்கிறதே, பாழாய்ப்போன மனசு, நாளைக்குக் காய் வாங்க மறக்கும், இதை மறக்காது. நாலு பூஜ்யம் ஏழு ஏழு ஒன்று ஒன்பது. வெளியே லாரி பாடி கட்டுகிற பட்டறைகள் வரிசையாக ஓடின. வெல்டிங் பொறி பகலிலேயே கண்ணைக் கூசச் செய்தது, இரும்பு வாசனை காற்றோடு முகத்தில் அடித்தது. ஒன்பது பேர், வசந்தாமணி. ஒன்பது குடும்பம். இதோ பிரபாவதி தினம் இரண்டு பஸ் மாறி வருகிறாள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு. ஒரு பெண் எந்த இன்ஜினியரிங் படித்தால் என்ன, எல்லாம் இன்ஜினியரிங்தானே? அப்படியா? எல்லாம் ஒன்றுதானா? அப்படியென்றால் எதற்கடி வெயிலில் அலைந்தாய்?

நாலு நாற்பத்தைந்து. சீட்டின் ரெக்சின் சுட்டது, அல்லது அவள்தான் சுட்டாளோ என்னவோ. கனிஷ்கா வீட்டுக்கு இவளே நேரில் போனாளே. மோட்டார் ரூம் மாதிரி ஒரு முன்னறை, சுவரில் ரிக் வண்டிக்குப் பூஜை போட்ட போட்டோ. கனிஷ்காவின் அம்மா சுண்டல் கொடுத்துவிட்டு, எல்லா அம்மாக்களும் கேட்பதைக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாருங்க?" "கோயமுத்தூர்ல ஐ.டி. கம்பெனியில இருக்காருங்க" என்றாள். எல்லா வீட்டிலும் சொன்ன பதில், நோட்டீஸில் அச்சடித்த மாதிரி வாயில் தயாராக இருந்தது. இருக்காராம்! தனசேகரன் ஐந்து மாதமாக வீட்டில் இருக்கிறார். அவர் கம்பெனி அவர் டீமின் வேலை மொத்தத்தையும் கிழக்கே இன்னொரு நாட்டுக்கு மாற்றிவிட்டது. மாற்றினால் பரவாயில்லை, போகிறவன் வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றது. மூன்று மாதம் தினமும் காலையில் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு, கீழே லுங்கியோடு, திரையில் தெரிந்த லின் என்கிற பெண்ணுக்குத் தன் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். கெட்டிக்காரப் பெண், சட்டென்று பிடித்துக்கொள்கிறாள் என்று ராத்திரி சாப்பிடும்போது பெருமை வேறு! கடைசி நாள் அந்தப் பெண் எங்கேயோ தேடிக் கற்றுக்கொண்டு, "நன்றி அண்ணா" என்றதாம். அதைச் சொல்லும்போதுதான் மனுஷன் அழுதார். அவளுக்கு லின் மேல் கோபம் வரவில்லை. இவருக்கு இந்த வேலை முதலில் வந்தபோது தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தார்களே, அன்றைக்கு அமெரிக்காவில் யார் வீட்டில் யார் அழுதார்கள் என்று இவள் ஒரு நிமிஷமாவது நினைத்தாளா? கோபம் எல்லாம் தன் மேல்தான். இருக்காருங்க, இருக்காருங்க என்று வீடு வீடாகச் சொன்ன இந்த வாய் மேல்தான். அந்த வாய்தான் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வரலையே கண்ணு என்றது. பழகிப்போன வாய்க்கு இன்னொரு பொய் என்ன பாரமா?

ஆனால் அந்த வீட்டில் ஒரு உண்மையும் சொன்னாளே! அது இப்போது திடீரென்று வந்து நெஞ்சில் முட்டியது. கிளம்பும்போது, அதுவரை ஒரு வார்த்தை பேசாத கனிஷ்கா வாசல்வரை வந்து, "மேடம், நீங்க எதுக்குங்க கம்ப்யூட்டர் எடுத்தீங்க?" என்றாள். தயார் பதில் இல்லாத கேள்வி. செருப்பில் ஒரு காலை விட்டபடி வசந்தாமணி சொல்ல ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. தொண்ணூற்றாறு, எட்டுப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் லேப்புக்குள் போக வேண்டும், ஏ.சி. குளிரில் பாதம் விறைக்கும். முதல் முதலாகத் தானாக எழுதிய புரோகிராம், தன் பெயரைப் பத்து முறை போடச் சொல்லி எழுதியது, நிறுத்துகிற வரியை எழுத மறந்துவிட்டாள். வசந்தாமணி வசந்தாமணி வசந்தாமணி என்று திரை முழுக்க ஓடியது, நிற்கவே இல்லை, பெண்கள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள், சார் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். அவளுக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் சொன்னதைக் கேட்டு ஒன்று ஓடுகிறது! நான் நிறுத்தாமல் அது நிற்காது! மாமா ஹோம் சயன்ஸ் படி என்றார், அப்பா டீச்சர் டிரெயினிங் என்றார், இவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து இதை வாங்கினாள். "எனக்குப் புடிச்சுது கண்ணு, அவ்வளவுதான். அது சோறு போடுமான்னு அப்ப யாருக்குமே தெரியாது" என்று முடித்தபோது அந்தப் பெண்ணின் கண் அப்படி மின்னியது! ஆள் விழுந்துவிட்டாள், இருபதாவது பெயர் கிடைத்துவிட்டது என்று வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அடி முட்டாளே, அடி அசடே! அந்தக் கண் கம்ப்யூட்டருக்காகவா மின்னியது? அவள் அம்மா அதற்கு முன்னால் சொன்னாரே, அப்பா ஊருக்கு வந்தால் இவள் எந்நேரமும் அந்த ரிக் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறாள், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவதற்குக்கூடக் கற்றுக்கொண்டாள், சொன்னால் கேட்பதில்லை என்று. வசந்தாமணி சுண்டல் தின்றுகொண்டே தலையாட்டினாளே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள், பிடித்ததை எடுத்தேன் என்று சொல்கிற ஆள். இவளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்! முதல் நாள் இவள் பேச்சைக் கேட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டவள், இன்றைக்கும் இவள் பேச்சைக் கேட்டுத்தான் மாற்றப் போகிறாள்.

போனைப் பார்த்தாள். நாலு ஐம்பத்து மூன்று. எட்டு நிமிஷம் எங்கே போயிற்று! நெட் சென்டர் நம்பரை அழுத்தினாள். "கனிஷ்கா, எழுதிக்கோ, சீக்கிரம், நாலு, பூஜ்யம், ஏழு, ஏழு, ஒண்ணு, ஒம்போது!" அந்தப் பக்கம் விசைப்பலகை தடதடத்தது. அப்புறம் அந்தப் பெண், அழாமல், ஆனால் அழுகிற இடத்துக்கு வந்துவிட்ட குரலில்: "நேரம் முடிஞ்சுபோச்சுன்னு வருதுங்க மேடம்." "மறுபடி அனுப்பு! மறுபடி அனுப்பச் சொல்லு, அழுத்து, இப்பவே அழுத்து!" என்று கத்தினாள், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அழுத்திட்டேனுங்க" என்றது குரல், அதோடு கட். திரையின் மூலையில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கரட்டு மேட்டை ஒட்டின வளைவு, இந்த இடத்தில் எப்போதும் இப்படித்தான். சிக்னல் இல்லை என்று பொய் சொல்லலாம் என நினைத்தாளே, இந்தா வாங்கிக்கொள், நிஜமாகவே இல்லை! நாலு ஐம்பத்து நாலு. எழுந்தாள். கம்பியைப் பிடித்து முன்னால் ஓடினாள், கைப்பை உருண்டது, சீப்பு ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். "மாரப்பண்ணா, வண்டிய நிறுத்துங்க!" "இங்க ஸ்டாப் இல்லீங்களே மேடம்." "நிறுத்துங்கங்கறேன்!" இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலை டிரைவர் கேட்டதில்லை, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். இறங்கினாள், மேட்டில் ஏறினாள், முள், கல், செருப்பு ஒன்று கழன்றது, கழன்றால் கழலட்டும். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பத்தேழு வயதுப் பொம்பளை, எச்.ஓ.டி., காட்டன் புடவையோடு கரட்டில் ஏறுவதை எட்டு ஆசிரியர்களும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். நெஞ்சு அடித்தது, ஆனால் பயத்தில் இல்லை. என்ன ஆச்சரியம், பயமே இல்லை! வா, வா, வந்து தொலை! ஒரு கோடு. இரண்டு கோடு. விர்ரென்றது. அவள் கூவியேவிட்டாள், அதே கையோடு கனிஷ்காவைக் கூப்பிட்டாள்.

"எட்டு! மூணு! மூணு! ரெண்டு! ஆறு! அஞ்சு!" ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். கீழே பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். "உள்ள போயிருச்சுங்க மேடம்!" என்றது அந்தப் பக்கம். அப்புறம் மவுஸின் கிளிக் சத்தம், யாரோ மூச்சுவிடும் சத்தம், நெட் சென்டர்க்காரர் "பாத்துப் போடும்மா, பதறாத" என்றது, எல்லாம் தெளிவாகக் கேட்டன. வசந்தாமணி ஒற்றைச் செருப்போடு மேட்டில் நின்றாள். மணி பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஆச்சுங்க மேடம். எலக்ட்ரிகல் முதல்ல வந்துருச்சு. கோயமுத்தூர் காலேஜுங்க." குரல் துள்ளியது, அப்புறம் கூச்சத்தோடு இறங்கியது. "மன்னிச்சுக்கோங்க மேடம். உங்களுதை ரெண்டாவதா வெச்சிருக்கேனுங்க."

"எதுக்கு கண்ணு மன்னிப்பு? நான்தான் கேக்கோணும்." வாய் தானாகப் பேசியது, இந்தத் தடவை அவள் தடுக்கவில்லை. "நீ முதல்ல கூப்பிட்டயே, அப்பவே நம்பர் வந்துருச்சு. எங்கிட்டயே இருந்துச்சு. நான்தான் வரலைன்னு சொல்லிட்டேன்."

சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தாள், கோடுகள் இருந்தன.

"தெரியுமுங்க மேடம்" என்றாள் கனிஷ்கா. "இங்க ஸ்கிரீன்ல, உங்க போனுக்கு நம்பர் சேர்ந்துருச்சுன்னு போட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏன் சாமி ஒண்ணும் கேக்கலை? அம்மாகிட்டயாவது, அந்தக் கடைக்காரர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேனுங்க."

வசந்தாமணி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். முள்ளில் மாட்டியிருந்த செருப்பை மாரப்பன் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், வாங்கி மாட்டிக்கொண்டாள். பிரபாவதி ஜாங்கிரி டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"யாருங்க மேடம் அது? நம்ம பட்டியல்ல இருக்கற பொண்ணா?"

"ஆமா. கனிஷ்கா." முகத்தை வழித்துக்கொண்டு எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நாம இப்பப் பத்தொம்பது."